கொட்டகையின் பின்வரிசை

கோல்பர்ன் குன்று, வெர்மான்ட்
1957 செப்டம்பர் 24

ஆரினுக்கு,

விறகு வந்து சேர்ந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமையும் நான் தேவாலயத்துக்குப் போன நேரமாகப் பார்த்து லாரியை மேலே கொண்டுவந்து, இறக்கி, அடுக்கி, நான் திரும்புவதற்குள் கம்பி நீட்டியிருக்கிறாய். பாதிரியார் பிரசங்கத்தை எவ்வளவு நேரம் இழுப்பார் என்று உனக்கு இத்தனை துல்லியமாகத் தெரிந்திருப்பது ஆச்சரியம்தான். நீ உள்ளே வந்து உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

ஐம்பது வயதில் சொந்த அக்காவின் முகத்தைப் பார்க்க உனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது உன் பாடு. நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு.

வக்கீல் ஆபீஸில் அப்பாவின் உயிலைப் படித்தபோது நீ ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தாய். காதில் விழுந்ததோ என்னவோ, நானே எழுதிவிடுகிறேன். வீடும் விறகுக் கொட்டகையும் எனக்கு. மலைக்காடு உனக்கு. காட்டை வைத்துக்கொள்கிறவன் ஒவ்வொரு வருஷமும் பனி விழுவதற்கு முன்னால் ஏழு கார்ட் அளவு காய்ந்த விறகைப் பிளந்து, கொட்டகையில் அடுக்கித் தர வேண்டும். அப்பா போன பிறகு வருகிற இந்த முதல் குளிர்காலம் முழுக்க, கீழே குளத்தில் பனிக்கட்டி உடைகிற வரைக்கும், நான் இந்த வீட்டிலேயே இருந்து அடுப்பை எரிக்க வேண்டும். இருந்துவிட்டால் வீடு எனக்கே. நடுவில் மூட்டை கட்டினால் உனக்கு. 'காய்ந்த' என்ற சொல்லை வக்கீல் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி படித்தார்.

எல்லோரும் கதவுப் பக்கத்திலிருந்துதான் விறகு எடுப்பார்கள். பின்வரிசையைத் தொடப் பிப்ரவரி ஆகிவிடும். நான் நேற்று பின்னாலிருந்து ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்பாய். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது சாலையோரத்தில் ஆப்பிள் விற்றாயே, கூடையில் மேலே எல்லாம் சிவப்பு, அடியில் எல்லாம் புழு. அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும்.

பின்வரிசை முழுக்கப் பச்சை. ஒரு கட்டையின் முனையில்கூட வெடிப்பு இல்லை. பட்டை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். இது தொப்பென்கிறது. பனி ஜன்னல்வரை ஏறி நிற்கும்போது, சீறிக்கொண்டு புகை கக்குகிற இந்த விறகோடு நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அப்படித்தானே? புகைபோக்கிக்குள் கரிக்கீல் படிந்து தீப்பிடித்தால் இன்னும் சௌகரியம்.

வந்து மாற்றிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் சரி.

வெர்னா

*

ஆலை வீதி
1957 செப்டம்பர் 28

வெர்னா அக்காவுக்கு,

உறையை ஒட்டாமலே போட்டிருக்கிறாய். மறந்து போயிருக்க மாட்டாய். அஞ்சலகத்து மிஸஸ் பிகலோ தலையை வெளியே நீட்டி, "என்னப்பா ஆரின், ஈர விறகு வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டாள். வரிசையில் நின்ற எல்லோரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என்னைக் குடிகாரன் என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். முன்கோபி என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். பச்சை விறகு கொடுத்தவன் என்று இந்த ஊரில் ஒருத்தன் சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டாய்.

டேப்பை எடு. நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம். அது ஒரு கார்ட். கதவிலிருந்து அளந்துகொண்டே போ. ஏழு வரும். ஏழுக்கு மேலும் ஒரு கை வரும். எல்லாம் போன வருஷத்துக்கு முந்தின பனியில் வெட்டியது. மேப்பிள், பீச், கொஞ்சம் ஆஷ், எல்லாம் கெட்டி மரம். ஒவ்வொன்றையும் பட்டை மேலே இருக்கும்படி வைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறேன், நீ சாய்ந்தாலும் அது சாயாது. உன் வாழ்நாளில் இதைவிட நல்ல விறகை எரித்திருக்க மாட்டாய்.

அதற்குப் பின்னால் இருக்கிற மூன்று கார்ட் உன் கணக்கிலேயே வராது. அது உன்னுடையது அல்ல. அதைத் தொடாதே.

ஆரின்

*

கோல்பர்ன் குன்று
1957 அக்டோபர் 3

ஆரினுக்கு,

அளந்தேன். ஏழு இருக்கிறது, நீ சொன்ன ஒரு கையும் இருக்கிறது. காய்ந்த விறகுதான், முதல் தரம்தான். மன்னிப்புக் கேட்டு எழுதிவிடலாம் என்று மேஜையில் வந்து உட்கார்ந்தேன். பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது.

என்னுடையது இல்லையென்றால், அது யாருடையது?

இந்த மலையில் யாரும் இந்த வருஷம் வெட்டியதை இந்த வருஷம் எரிப்பதில்லை. ஒருத்தன் பச்சை விறகை ஒரு கொட்டகையில் அடுக்குகிறான் என்றால், அடுத்த குளிர்காலத்துக்கு அடுக்குகிறான். அந்த அடுப்புக்கு முன்னால் தானே உட்காரப் போகிறோம் என்று நினைக்கிறவன்தான் அப்படி அடுக்குவான். அப்பாவின் சவக்குழியில் மண் காய்வதற்குள் உன் பெண்டாட்டி டோரிஸ் என் சாப்பாட்டு அறை ஜன்னலைக் கையால் சாண் போட்டு அளந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "சும்மாதான் அண்ணி, எவ்வளவு அகலமா இருக்குன்னு பார்த்தேன்" என்றாள். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆக, நான் இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போதே நீ பின்வாசல் வழியாகக் குடிவந்துவிட்டாய். உன் வாயாலேயே சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. பச்சை விறகு கொடுத்தான் என்ற பெயரைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உனக்கு அது முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே உன்னைக் கெட்டவன் என்று சொன்னால் சிரிப்பாய், உன் வேலையைக் குறை சொன்னால் அழுவாய்.

அந்த மூன்றையும் நான் தொடமாட்டேன். என் கொட்டகையில், என் கூரைக்கு அடியில், நன்றாகக் காயட்டும்.

வெர்னா

*

ஆலை வீதி
1957 நவம்பர் 17

வெர்னா அக்காவுக்கு,

ஆமாம், எனக்காகத்தான் அடுக்கினேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மான் வேட்டை முடியட்டும் என்று பதில் எழுதாமல் இருந்தேன். மான் கிடைக்கவில்லை. அதனால் உனக்கு எழுத இன்னும் நல்ல மனநிலை.

நீ தாங்கமாட்டாய். இதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உனக்கு வயது ஐம்பத்தெட்டு. மழை வந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய். அந்த வீட்டில் ஒரு குளிர்காலமும் நீ தனியாக இருந்ததில்லை. இருட்டில் எழுந்து சாம்பலைக் கிளறியது அப்பா. விறகுப்பெட்டியை நிரப்பியது அப்பா. நீ எழுந்து வரும்போது சமையலறை சூடாக இருக்கும், அது தானாகவே சூடாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். கிறிஸ்துமஸுக்குள் பர்லிங்டனில் உன் சிநேகிதியின் சோபாவில் படுத்திருப்பாய். அவள் வீட்டில் எண்ணெய் ஹீட்டர், குமிழைத் திருப்பினால் போதும்.

எனக்கு அவ்வளவு நிச்சயம். எவ்வளவு என்றால், என் வீட்டு விறகில் நாலு கார்டை ஸ்கீ விடுதிக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வாடகை வீட்டில் எதற்கு அவ்வளவு? ஜனவரியில் நானும் டோரிஸும் மேலே இருப்போம். நீ எரித்தது போக மிச்சமிருக்கிற காய்ந்த விறகு எங்களுக்குப் போதும்.

நான் ஒன்பது வயதில் அந்த வீட்டுக்காகக் கோடாலி பிடித்தேன். அந்த அடுப்பு தின்ற ஒவ்வொரு கட்டையும் என் தோள் வழியாகத்தான் போனது. எனக்குக் கிடைத்தது நின்றுகொண்டிருக்கிற மரம். உனக்குக் கிடைத்தது கூரை. அப்பாவின் மனசை யார் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவருடைய கடைசிக் குளிர்காலத்தில் மூன்று தடவை மேலே வந்தேன். மூன்று தடவையும் கதவைப் பாதி திறந்துகொண்டு, "அப்பா தூங்கறார்" என்றாய். ஒரு மனுஷன் பட்டப்பகலில் அவ்வளவு தூங்குவானா?

ஆரின்

*

கோல்பர்ன் குன்று
1957 டிசம்பர் 27

ஆரினுக்கு,

கிறிஸ்துமஸ் போய்விட்டது. நான் இருக்கிறேன். ஆலை வீதியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் என் புகைபோக்கி தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். உனக்காக வேண்டுமென்றே காலையில் கொஞ்சம் பிர்ச் பட்டையைப் போட்டு நல்ல வெள்ளைப் புகையாக விடுகிறேன்.

அப்பா செய்ததெல்லாம் எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். உண்மைதான், முதல் வாரம் இரண்டு தடவை அடுப்பை அணையவிட்டேன். விரல் விறைத்து, தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு, வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். திட்டியதில் கொஞ்சம் சூடு வந்தது. இப்போது கற்றுக்கொண்டேன். படுக்கும் முன் கணுவுள்ள பெரிய பீச் கட்டை ஒன்றை வைத்து, காற்று வழியை மூடி, சாம்பலால் மூடிவிடுகிறேன். நாலு மணிக்கு எழுந்து இன்னொன்று. இடுப்பு வலிக்கிறது. அது பர்லிங்டனிலும் வலிக்கும்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை வந்தாய். ஒரு தடவை ரம்பம் கேட்டு. ஒரு தடவை மரம் இழுக்கிற சங்கிலி கேட்டு. ஒரு தடவை சாராய நெடியோடு, எதற்கு என்று உனக்கே தெரியாமல். "அப்பா எப்படி இருக்கார்?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. ஆமாம், அவர் தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனால், "வந்தது யாரு?" என்று கேட்டார். ஆரின், சங்கிலிக்காக வந்தான் என்றேன். "எடுத்துக்கிட்டானா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டான் என்றேன். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைக் கேட்கத்தானே ஆசைப்பட்டாய்? கேட்டுக்கொள். மனசைத் திருப்பியது நான் இல்லை.

வெர்னா

*

ஆலை வீதி
1958 ஜனவரி 26

வெர்னா அக்காவுக்கு,

சங்கிலியைப் பற்றி எழுதினாயே, அதை நான் மறக்கமாட்டேன். சாகிறவரை உன்னை மன்னிக்கவும் மாட்டேன். அதை இங்கேயே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் இன்று வேறு வேலையாக எழுதுகிறேன்.

இந்த வாரம் குளிர் உனக்கும் தெரிந்திருக்கும். கிணற்றுப் பம்பு உறைந்துவிட்டது. டோரிஸுக்கு நுரையீரலில் சளி கட்டி டாக்டர் இரண்டு தடவை வந்து போனார். அறையைச் சூடாக வைக்கச் சொல்கிறார். என்னிடம் இருப்பது இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும். விடுதிக்காரன் நான் கொடுத்ததைத் திருப்பித் தரமாட்டானாம், சுற்றுலாப் பயணிகளுக்குக் கணப்பு வேண்டுமாம். ஜனவரியில் காய்ந்த விறகை யாரும் விற்பதில்லை. வைத்திருக்கிறவர்களிடம் கேட்டால், "உன்கிட்டயே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கடையில் போய்ச் சொல்லிச் சிரிக்கிறார்கள். விறகு தீர்ந்துபோன விறகுவெட்டி என்று.

அதனால் சனிக்கிழமை என் மூன்று கார்டையும் எடுக்க வருகிறேன். பச்சை என்று தெரியும். கொட்டகையில் நாலு மாதம் இருந்ததில் கொஞ்சமாவது காய்ந்திருக்கும். நான் இதை எழுதுவேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை. சிரித்துக்கொள்.

கொட்டகைக் கதவைத் திறந்து வை. உன்னோடு பேச வரவில்லை.

ஆரின்

*

கோல்பர்ன் குன்று
1958 ஜனவரி 30

ஆரினுக்கு,

சனிக்கிழமை வராதே. வந்தால் கொட்டகைக் கதவில் பூட்டு இருக்கும்.

உனக்கு மூளை எங்கே போயிற்று? நுரையீரல் கெட்டுக் கிடக்கிற பெண்ணின் அறையில் பச்சை மேப்பிளை எரிப்பாயா? அது சூடு தராது, புகைதான் தரும். அந்த வாடகை வீட்டின் புகைபோக்கி எந்தக் காலத்தில் கட்டியது என்று வீட்டுக்காரனுக்கே தெரியாது. கீல் பிடித்து எரிந்தால் உன்னையும் அவளையும் கூரையோடு சேர்த்து அள்ள வேண்டியதுதான். டோரிஸ் என் ஜன்னலைச் சாண் போட்டு அளந்தவள்தான். ஆனால் உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் வேறு பெரிய பாவம் எதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

கீழே சாலையில், தபால்பெட்டிக்குப் பக்கத்தில், காய்ந்த விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறேன். என்னுடைய ஏழிலிருந்துதான். பரணில் கிடந்த உன் பழைய சறுக்குவண்டியில் வைத்து இழுக்கிறேன். ஒரு நடைக்கு இருபது கட்டைதான் வருகிறது, சரிவில் வண்டி என்னை இழுக்கிறதா நான் வண்டியை இழுக்கிறேனா என்று தெரியவில்லை. புதன்கிழமைக்குள் ஒன்றரைக் கார்ட் நிற்கும்.

இது தானம் இல்லை. அந்த ஒன்றரையை நீ எடுத்தால் என் கொட்டகையில் பின்வரிசை மூன்றும் எனக்கு. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம், எடுத்தால் சம்மதம். எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்கட்டும், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும்.

வீட்டுப் பக்கம் வராதே. நீ நின்றால் கதவைப் பாதிதான் திறப்பேன்.

வெர்னா

*

ஆலை வீதி
1958 பிப்ரவரி 8

வெர்னா அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் பட்டை கீழே இருக்கும்படி அடுக்கியிருக்கிறாய். மேலே விழுந்த பனி உள்ளே இறங்கி நிற்கும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? நம் பெயர் எழுதிய தபால்பெட்டிக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க, அப்படி ஓர் அடுக்கு. ஏற்றும்போது தலையைக் குனிந்துகொண்டே ஏற்றினேன்.

டோரிஸ் உட்கார்ந்து சூப் குடிக்கிறாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன். அது அவள் சொல்வது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ என்ன செய்துவைத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? உன்னிடம் இருந்ததிலிருந்து ஒன்றரையைக் கழித்துப் பார். மார்ச் நடுவில் உன் காய்ந்த விறகு தீர்ந்துவிடும். குளம் ஏப்ரல் கடைசிக்கு முன்னால் எந்த வருஷமும் உடைந்ததில்லை. நடுவில் உன்னிடம் இருக்கப்போவது பச்சை விறகு மட்டும். பச்சையை எரித்தால் என்ன ஆகும் என்று நீயே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய்.

உயிலில் ஏழு என்று இருக்கிறது. ஏழு கொடுத்துவிட்டேன். எட்டாவது வராது. நீயாகவே வீட்டைச் சறுக்குவண்டியில் வைத்துக் கீழே இழுத்துவந்து என் கையில் கொடுத்திருக்கிறாய். நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

பர்லிங்டன் சோபா இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

ஆரின்

*

கோல்பர்ன் குன்று
1958 ஏப்ரல் 29

ஆரினுக்கு,

நேற்று மத்தியானம் குளம் உடைந்தது. மிஸஸ் பிகலோவே மேலே வந்து சொன்னாள், சேற்றில் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு. கூடவே வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவும் வந்து, அடுப்பில் கையை நீட்டிப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனான். வீடு என்னுடையது.

நீ கணக்குப் போட்டது சரி. மார்ச் முதல் வாரம் ஊர்ச்சபை கூடியதிலிருந்தே கதவுப் பக்கம் தரை தெரிய ஆரம்பித்துவிட்டது. மேலறைகளை மூடிவிட்டு, மெத்தையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்கினேன். பாத்திரத்தில் தண்ணீர் உறைந்த நாட்கள் உண்டு. கோழிக்கூட்டைப் பிரித்து எரித்தேன். அப்பாவின் வேலைமேஜையை எரித்தேன், இடுக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். ஒவ்வொரு தடவை கொட்டகைக்குப் போனபோதும் பின்வரிசை முழுசாக நின்றது, எடு எடு என்று. ஒரு கட்டைகூட எடுக்கவில்லை. புகைபோக்கிக்குப் பயந்து மட்டும் இல்லை. அடுத்த வருஷத்து விறகில் கை வைத்தவர்கள் இந்த மலையில் என்ன ஆனார்கள் என்று உனக்குத் தெரியும். அடுத்த வருஷமும் கடன், அதற்கடுத்த வருஷமும் கடன், கடைசியில் வீட்டுக் கதவில் பலகை அடிப்பார்கள்.

மார்ச் கடைசியில் வடக்குக் காற்று திரும்பி வந்ததே, அப்போது இரவு முழுக்கத் தாங்குகிற கட்டை ஒன்றும் இல்லை, கூட்டின் மெல்லிய பலகைகள்தான் மிச்சம். உன் அறைக்குப் போய் உன் கட்டிலை உடைத்தேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உனக்கு ஏழு வயதானபோது அப்பா செய்த அதே கட்டில்தான். மேப்பிள், நாற்பது வருஷத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே காய்ந்தது. கோடாலி விழுந்த வேகத்தில் கணீரென்றது. அடிப்பலகையில் நீ கத்தியால் கீறிய மான் இருந்தது. இத்தனை வருஷமும் அது நாய் என்று நினைத்திருந்தேன். எரிக்கும்போதுதான் கொம்பைப் பார்த்தேன். அதற்காக நிறுத்தவில்லை.

ஏப்ரலைக் கூட்டின் மிச்சப் பலகைகளோடும் பொறுக்கிய காய்ந்த கிளைகளோடும் ஓட்டினேன். உன் மூன்று கார்டும் இலை உதிரும் முன்னால் நன்றாகக் காய்ந்துவிடும். நீ கொண்டுவரப்போகிற ஏழு அதற்கு மேல். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு வருஷம் முன்னால் இருக்கிறேன். உன் புண்ணியம்.

வெர்னா

*

ஆலை வீதி
1958 மே 4

வெர்னா அக்காவுக்கு,

வீடு உன்னுடையது என்று வக்கீல் எனக்கும் எழுதினார். உன் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வாங்கிய திரைத்துணியை டோரிஸ் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த வீட்டில் எனக்கு என்று அப்பா செய்தது அது ஒன்றுதான். நீ அந்தப் பெரிய பீரோவை எரித்திருக்கலாம். உன் பியானோவை எரித்திருக்கலாம். என் கட்டிலைத்தான் உடைத்தாய். எனக்குத் தெரியும், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தபோது உனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். அது மான்தான். நாய் இல்லை.

நானும் ஒன்று எழுதுகிறேன், இனி ஒரு தடவையும் எழுதமாட்டேன். மார்ச் முழுக்கக் காலையில் உன் புகையைப் பார்த்துவிட்டுத்தான் ஆலைக்குப் போனேன். வராமல் போகட்டும் என்றுதான் பார்த்தேன். நாள் தவறாமல் ஆறு மணிக்கு வந்தது, நாள் தவறாமல் திட்டிவிட்டுப் போனேன். மாதக் கடைசியில், காற்று அடித்த அந்த வாரத்தில், ஒரு நாள் வரவில்லை. ஏழு ஆயிற்று, வரவில்லை. டோரிஸ் ஜன்னலில் வந்து நின்றாள். "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். நீ கொடுத்த விறகில் மிச்சமிருந்ததை எல்லாம் லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வளைவு வரை வந்துவிட்டேன். சக்கரத்தில் பனிச்சங்கிலி மாட்டியும் வழுக்கியது, இறங்கி மண்வெட்டியால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது புகை வந்தது. கொஞ்சமாக ஆரம்பித்து, பிறகு குபுகுபு என்று.

லாரி படிக்கட்டில் உட்கார்ந்து, என்ன என்னவோ சொல்லி உன்னைத் திட்டினேன். அப்புறம் விறகோடு திரும்பிவந்துவிட்டேன்.

ஏழு கார்ட் வரும். காய்ந்ததாக வரும். பின்வரிசை உன்னுடையது, அதைப் பற்றி இனி பேச்சு இல்லை.

ஒன்று கேட்கிறேன். கட்டில் எப்படி எரிந்தது என்று நீ எழுதவில்லை.

ஆரின்

*

கோல்பர்ன் குன்று
1958 மே 7

ஆரினுக்கு,

பியானோவைக் கேட்கிறாய். பியானோவில் பாதி இரும்பு. பீரோ பைன் மரம், அரை மணி நேரத்துக்கு ஆகாது. சந்தோஷமாக இருந்ததா என்றால், முதல் அடிக்கு இருந்தது. பிறகு இல்லை.

கட்டிலின் பலகைகள் சாயங்காலத்துக்கே போய்விட்டன. நாலு கால்களையும் படுக்கும் முன் வைத்து, காற்று வழியை மூடினேன். நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை. எட்டு மணிக்குப் பக்கத்தில் கண் விழித்தேன். சமையலறை சூடாக இருந்தது, நீ எழுதினாயே, தானாகவே சூடாகிறது என்று, அந்த மாதிரி. கோட்டு எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. அடுப்பைத் திறந்தால் நாலு காலும் நாலு சிவப்புக் கனலாக அப்படியே இருந்தன. கோழிக்கூட்டுப் பலகை இரண்டைப் போட்டேன், பற்றிக்கொண்டது.

நீ வளைவில் நின்றது அன்றைக்குத்தான். அந்தக் குளிர்காலத்தில் நான் விடியும்வரை தூங்கியது அந்த ஓர் இரவு.

சங்கிலியைப் பற்றி எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை, நீயும் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வருஷம் விறகைக் கதவுப் பக்கத்திலிருந்துதான் எடுக்கப்போகிறேன்.

செப்டம்பரில் கொண்டுவரும்போது ஞாயிற்றுக்கிழமை வராதே. அன்று நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

வெர்னா